வீட்டுக்கு விருந்தாளி வந்தால்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

தர்மபுரிக்கு மாற்றலாகி வந்து, பால்காரரும் தண்ணீர் கேன் போடுபவரும் பழகுவதற்குள் ஊரிலிருந்து போன் வந்துவிடும். "ஞாயித்துக்கிழமை வர்றோம். ஒகேனக்கல் பாத்துட்டு சாயங்காலமே கெளம்பிடுவோம்." சின்னதாக இரண்டு வாக்கியம், அதில் மூன்று தப்பு. ஞாயிற்றுக்கிழமை வருவது ஒன்று, ஒகேனக்கல் மட்டும் பார்ப்பது இன்னொன்று, சாயங்காலமே கிளம்புவது மூன்றாவது.

எனக்குச் சொந்த ஊரே இதுதான். மாமா, மச்சான், சித்தப்பா பிள்ளைகள், கூடப் படித்தவர்கள் என்று வருடத்துக்கு நாலைந்து கூட்டமாவது வந்து போகும். அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்து அலைந்து எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இங்கே இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால் நேரத்தை முடிவு செய்துவிட வேண்டும். எந்த மாதம், எந்தக் கிழமை, காலையா சாயங்காலமா. நேரம் அமைந்துவிட்டால் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மீன் வறுவலோடு உட்கார்ந்த அரைமணி நேரத்தைக்கூட வந்தவர்கள் பத்து வருடம் பேசுவார்கள். அமையாவிட்டால் ஒகேனக்கல்லையே தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இரண்டு மாவட்டத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். சேலத்திலிருந்து 1965-ல் தர்மபுரி பிரிந்தது, தர்மபுரியிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. எங்கள் அப்பா காலத்து ஆட்களுக்கு இன்னும் எல்லாம் ஒரே ஜில்லாதான். ஊர்ப் பெயர்களில் 'அள்ளி' என்று முடிவதைப் பார்த்து வருகிறவர்கள் கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: கன்னடத்தில் ஊரைக் குறிக்கும் 'ஹள்ளி'தான் அது. சந்தைக்குப் போனால் ஒரே கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும்.

முதல் வேலை: ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள்

வருகிறவர்கள் வேறு எதைச் சொன்னாலும் மனதில் இருப்பது ஒகேனக்கல்தான். அதனால் தேதி சொன்ன உடனே அவசரப்பட்டு "சரி" என்று சொல்லாதீர்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம் பிலிகுண்டுலு. அங்கே மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. 'ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி' என்று டிவியிலும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்திலும் வரும். அந்த எண்ணை ஒரு வாரம் தொடர்ந்து கவனித்தாலே போதும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சில ஆயிரங்களில் நிற்கும்போது பரிசல் ஓடும், குளிக்கலாம். பல ஆயிரமாகக் கிடுகிடுவென்று ஏற ஆரம்பித்தால் மாவட்ட நிர்வாகம் முதலில் பரிசலை நிறுத்தும், பிறகு குளிக்கவும் தடை போடும்.

புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் உண்டு. ஆடி மாதம் தர்மபுரியில் வெயில் கொளுத்தும், ஒரு சொட்டு மழை இருக்காது. "மழையே இல்லையே, எதுக்கு பரிசலை நிறுத்துனாங்க?" என்று போலீஸ்காரரிடம் சண்டைக்கே போவார்கள். இங்கே வரும் தண்ணீர் இங்கே பெய்ததல்ல. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, அங்கே மதகைத் திறந்தால் இங்கே ஆறு புரண்டு ஓடும். எனவே ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை எதுவும் நிச்சயமில்லை. பார்ப்பதற்குப் பிரமாண்டம், செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு மதுரையிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்தான். வேன் எடுத்து, புளியோதரை கட்டி, துண்டு, எண்ணெய் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். கூட்டம் ஒரு பக்கம், வெள்ளம் ஒரு பக்கம். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கலங்கிய தண்ணீரைப் பார்த்து, புளியோதரையை வேனிலேயே தின்றுவிட்டுத் திரும்பினோம். இன்றைக்கும் கல்யாணம் காட்சியில் பார்த்தால், "என்ன மாப்ள, தண்ணி வடிஞ்சுதா?" என்றுதான் ஆரம்பிப்பான்.

என்னைக் கேட்டால் மார்கழி, தை. தண்ணீர் தெளிந்திருக்கும், அருவியும் குறைந்திருக்காது, வெயிலும் தாங்கும். பள்ளிக்கூட லீவுக்குத்தான் வர முடியும் என்பவர்கள் சித்திரை, வைகாசியில் வரட்டும். அருவி மெலிந்து பாறை தெரியும். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு ஆற்றில் இறங்குவதற்கு அதுதான் பயமில்லாத காலம்.

இரண்டாவது: வருகிறவர்களின் முழங்காலைப் பாருங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே பாதி இடம் மலை, கோட்டை, படிக்கட்டு. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டை, தீர்த்தமலை மூன்றும் ஏறித்தான் பார்க்க வேண்டும். பெரியவர்கள் வந்தால் அதியமான்கோட்டைக் கோயில்கள், தர்மபுரி கோட்டைக் கோயில், ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் (மலைமேல்தான், ஆனால் வண்டி மேலே வரை போகும்), அணைக்கட்டுப் பூங்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலிபப் பிள்ளைகள் வந்தால் எதற்கும் கேட்க வேண்டாம், விடியற்காலையில் எழுப்பி விடுவது ஒன்றுதான் கஷ்டம்.

மூன்றாவது: கிழமை

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் வேண்டாம் என்றேன். பெங்களூரு, சேலம், ஈரோடு என்று எல்லா ஊர் வண்டியும் அன்றைக்கு அங்கேதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஒரு நல்ல வேலை இருக்கிறது: போச்சம்பள்ளி சந்தை. ஆடு, கோழியில் ஆரம்பித்து விதை, கயிறு, மண்வெட்டி, துணி, கருவாடு வரை விற்கும் பெரிய வாரச்சந்தை. நகரத்துப் பிள்ளைகளுக்கு மால் எல்லாம் சலித்துப் போயிருக்கும், இதைக் காட்டுங்கள். மாடு வாங்குவதையும் விற்பதையும் பார்க்க வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தை, கிருஷ்ணகிரிக்குப் பக்கம். இரண்டுக்கும் காலையிலேயே போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் போனால் சாணியும் வைக்கோலும்தான் பார்க்கலாம்.

அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டை கால பைரவர் கோயில் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைக்காது. வேண்டுதலுக்காக வருகிறவர்களுக்கு அதுதான் நாள், மற்றவர்கள் வேறு நாள் பாருங்கள். சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, அதில் எண்ணெய் விட்டு விளக்கேற்றுவார்கள். நூற்றுக்கணக்கில் அவை வரிசையாக எரிவதைப் பார்ப்பதற்காகவே வருகிற என் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு சாமி நம்பிக்கை கிடையாது.

நான்காவது: ஒகேனக்கல் போகும் நாள்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். பேருந்து தாராளமாக இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் இறங்கும். குரங்குக்குப் பிஸ்கட் போடுவதற்காக வண்டியை நிறுத்தாதீர்கள். கோடையில் தண்ணீர் தேடி யானையும் இந்தச் சாலையைக் கடக்கும், அதனால் இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடுவது நல்லது.

காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். போனதும் யாரும் அருவியைப் பார்த்து ஓடாதீர்கள். முதலில் மீன். கரையோரக் கடைகளில் கட்லா, ரோகு, வாளை, கெளுத்தி என்று வைத்திருப்பார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி, அங்கேயே சுத்தம் செய்து, பக்கத்தில் விறகடுப்பு வைத்துச் சமைத்துத் தரும் அக்காமார்களிடம் கொடுத்துவிடுங்கள். குழம்பு எவ்வளவு, வறுவல் எவ்வளவு, சோறு எத்தனை பேருக்கு, கூலி எவ்வளவு, எல்லாவற்றையும் அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். காரம் குறைவாக வேண்டும் என்றால் இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் அவர்கள் கணக்கில் அது சாதாரணக் காரம். நீங்கள் சுற்றி முடித்து வருவதற்குள் குழம்பு தயாராக இருக்கும். மீனைக் கொடுக்காமல் ஆற்றுக்குப் போய்விட்டு, பசியோடு ஒரு மணிக்கு வந்து வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அடுத்து பரிசல். மூங்கில் பட்டையைப் பின்னி, அடியில் படுதா கட்டி, தண்ணீர் புகாதபடி தார் பூசிய வட்டக் கூடைதான் அது. சீட்டு வாங்கும் இடத்தில் கட்டணமும், ஒரு பரிசலுக்கு எத்தனை பேர் என்பதும் எழுதியிருக்கும். சீட்டு வாங்கித்தான் ஏற வேண்டும். இடையில் யாராவது வந்து "வாங்கண்ணா, நான் தனியாக் கூட்டிட்டுப் போறேன்" என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். எவ்வளவு தூரம், எந்த இடம் வரை, திரும்பி வந்து இறக்கிவிடுவாரா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நடு ஆற்றில் பேரம் பேசினால் யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு மட்டும் போடுவது இங்கே ஒரு வியாதி, உங்கள் கூட்டத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பரிசல் பாறைச் சுவர்களுக்கு இடையில் போகும். இரண்டு பக்கமும் கரும்பாறை, மேலே துண்டு வானம், எங்கிருந்தோ இரைச்சல். எதிர்க்கரை கர்நாடகம். தண்ணீர் விழும் வேகத்தில் எழும் திவலை புகை போலத் தெரிவதால்தான் கன்னடத்தில் 'ஹொகே', அதாவது புகை, 'கல்' என்று பெயர் வந்தது. பெயருக்கான காரணத்தைக் கரையில் நின்று சொல்வதை விட, அந்தத் திவலை முகத்தில் அடிக்கும்போது சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பரிசல்காரர் குஷியில் வட்டமாகச் சுழற்றுவார். தலைசுற்றல் உள்ளவர்கள் இருந்தால் முன்கூட்டியே "சுத்தாதீங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு எண்ணெய்க் குளியல். மசாஜ் செய்பவர்கள் எண்ணெய்ப் பாட்டிலோடு கூப்பிடுவார்கள். முதல் தடவை எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். தலையில் ஆரம்பித்துக் கால் வரை பிசைந்து, தட்டி, சொடுக்கெடுத்து முடிக்கும்போது பேச்சு வராது. எலும்பு முறிந்து சேர்ந்தவர்கள், முதுகு வலிக்காரர்கள் சொடுக்கெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். எண்ணெயோடு போய் அருவியில் நின்றால் மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். சோப்பும் ஷாம்பும் வீட்டோடு இருக்கட்டும்.

குளிப்பதற்கு என்று கம்பி போட்டு விட்டிருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். மேலே பார்க்க அமைதியாக இருக்கும் இடத்தில்தான் ஆழமும் சுழலும். பாசி பிடித்த பாறை எண்ணெய்க் காலுக்கு எமன். உள்ளூர்க்காரர்கள் நாங்களே புது இடத்தில் இறங்க மாட்டோம்.

சாப்பிட்டு முடித்தபின் தொங்கு பாலத்தில் ஒரு நடை, பிள்ளைகள் இருந்தால் முதலைப் பண்ணை. இருட்டும்வரை இருந்து பார்க்க ஆசை என்றால் அங்கேயே தமிழ்நாடு ஓட்டல் இருக்கிறது, ஓர் இரவு தங்கலாம். கூட்டமெல்லாம் கிளம்பிய பிறகு ஆறு வேறு மாதிரி கேட்கும். சாயங்காலமே கிளம்புவது தப்பு என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காகத்தான்.

திரும்பும் வழியில் விருந்தாளி குடிக்கும் தண்ணீரைக் காட்டி ஒன்று சொல்லலாம். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் வீட்டுக் குழாயில் காவிரி வர ஆரம்பித்தது.

ஐந்தாவது: ஒகேனக்கல் மூடியிருந்தால், அல்லது அரை நாள்தான் இருந்தால்

தர்மபுரி டவுனிலேயே ஒரு காலைப் பொழுதுக்குச் சரக்கு இருக்கிறது, உள்ளூர்க்காரர்களே இதை மதிப்பதில்லை. கோட்டைக் கோயிலில் இருந்து தொடங்குங்கள். நுளம்பர் என்ற அரச வம்சத்தார் காலத்தில், ஆயிரம் வருடத்துக்கு முன், எழுந்த மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில். அதில் தரையை முழுதாகத் தொடாத தூணைத் 'தொங்கும் தூண்' என்பார்கள். அடியில் கைக்குட்டையை நுழைத்து மறுபக்கம் இழுத்துக் காட்டுவது இங்கே வழக்கம். பக்கத்தில் காமாட்சி அம்மன் சன்னதியின் அடித்தளத்தில் ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கும், குனிந்து பார்க்காவிட்டால் கண்ணில் படாது.

பிறகு அருங்காட்சியகம். பெரிய கட்டடம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது நடுகற்கள். மாடு கவர வந்தவர்களோடும், ஊரைத் தாக்கியவர்களோடும் சண்டையிட்டுச் செத்தவனுக்கு நட்ட கல். கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, சிலவற்றில் மேலே அவனைத் தூக்கிக்கொண்டு போகும் தேவமகளிர், ஓரத்தில் வட்டெழுத்து. ராஜா பேரை மட்டும் படித்து வளர்ந்த நமக்கு, மாட்டுக்காகச் செத்த ஒரு ஆளின் பெயர் கல்லில் நிற்பதைப் பார்ப்பது புது அனுபவம். மாவட்டம் முழுக்க வயல் வரப்பிலும் ஆலமரத்தடியிலும் இப்படிக் கற்கள் நிற்கின்றன. வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு.

அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் அதியமான்கோட்டை. தர்மபுரியின் தகடூர் என்ற பழைய பெயரும், நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியும் வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே தெரிந்திருக்கும். கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவை பாடியிருப்பது அவ்வளவாகத் தெரியாது. வழியில் கரும்பு லாரி குறுக்கே வந்தால் அதைச் சொல்லிப் பொறுமையாக இருக்க வைக்கலாம். எல்லோரும் பைரவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் சென்றாயப் பெருமாள் கோயிலுக்கும் போங்கள். மண்டபக் கூரையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. வெளிச்சம் குறைவு, கண் பழகும்வரை இரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பிளாஷ் போட வேண்டாம்.

சரித்திரத்தில் ஆசை உள்ளவர் வந்திருந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம். பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ 1792 முதல் ஏழு வருடம் அப்போது பாரமகால் என்று அழைத்த இந்தச் சீமையில்தான் வரி வசூல் அதிகாரியாக இருந்தார். தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். நிலத்தில் உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அவரும் அவருடைய மேலதிகாரி அலெக்சாண்டர் ரீடும் இங்கே பரிசோதித்துப் பார்த்ததுதான்.

பாப்பாரப்பட்டிக்கு நேரம் இருந்தால் போங்கள். சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு அலைந்து கடைசியில் 1925-ல் கண்மூடியது அந்த ஊரில்தான். நினைவு மண்டபம் இருக்கிறது. கூட்டம் இருக்காது.

ஆறாவது: கிருஷ்ணகிரி, காலையில் கோட்டை, மதியம் மீன்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். என் மாமியாரை ஒருமுறை பதினோரு மணிக்கு மலைக்கோட்டைப் படியில் ஏற்றிய பாவம் எனக்கு உண்டு. பாதிப் படியில் உட்கார்ந்தவர், "நீங்க போயிட்டு வாங்க மாப்ளை, நான் இங்கயே கோட்டையைக் காக்கிறேன்" என்றார்.

பழையபேட்டைப் பக்கம் அடிவாரம். ஆறு, ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். தண்ணீர் கையோடு எடுத்துப் போக வேண்டும், மேலே கடை கிடையாது. மதில்கள், பாறைச் சுனைகள், தர்கா, நாலாபுறமும் மாந்தோப்பு, மொட்டை மொட்டையாகக் குன்றுகள், ஒரு பக்கம் அணை. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் முக்கியமான கோட்டை. 1791-ல் ஆங்கிலேயர் படை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. படியில் மூச்சு வாங்கி நிற்கும்போது அந்தச் சேதியைச் சொன்னால், எதனால் தோற்றார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், சண்டை இல்லாமலே பாரமகால் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது.

இறங்கி டிபன் முடித்து, பதினொன்றரைக்கு மேல் கே.ஆர்.பி. அணை. காமராஜர் காலத்தில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டியது. பூங்காவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நிழல் இருக்கிறது. விஷயம் வெளியே உள்ள மீன் கடைகளில். மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பதில் எந்த மீன் என்று நீங்களே காட்டி, எடை போட்டு, கண்ணெதிரே பொரித்து வாங்குங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடை. அவ்வளவுதான் விதி.

கோடையில் வருகிறவர்களுக்கு மாம்பழம். ஏப்ரல் முதல் ஜூலை வரை நெடுஞ்சாலை ஓரமெல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். செந்தூரா முதலில் வரும், நீலம் கடைசி. இடையில் அல்போன்சா, பங்கனபள்ளி, மல்கோவா. புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: இங்கே தோப்பு தோப்பாக விளைவது பெங்களூரா, அதாவது தோதாபுரி. கிளிமூக்கு போல நுனி வளைந்திருக்கும். பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற ரகம். அதைத் தேன்போல இனிக்கும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் போய்விட்டு எங்களைத் திட்டுவார்கள். பெங்களூராவை அரைக்காயாக வாங்கி, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்ன வேண்டும். தின்பதற்கு வேண்டிய பழத்தை ஒரே ஒன்று அறுத்துக் கொடுக்கச் சொல்லி, ருசி பார்த்து வாங்குங்கள். ஜூன் வாக்கில் வந்தால் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டில் இடம் உள்ளவர்கள் ஒட்டு மாங்கன்று வாங்குவது சந்தூரில்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கி தர்மபுரிக்குப் பேருந்து பிடிக்கட்டும். பெங்களூரிலிருந்து வந்தால் நேராகத் தர்மபுரிக்கே ரயில் உண்டு.

ஓசூர்ப் பக்கம்

தர்மபுரி வெயிலில் வாடியவர்களுக்கு ஓசூர் குளிர்ச்சி. சந்திரசூடேஸ்வரர் கோயிலுக்குச் சாயங்காலம் போனால் ஊர் முழுக்க விளக்குப் போடுவதைப் பார்க்கலாம். ராஜாஜி 1878-ல் பிறந்த தொரப்பள்ளி வீடு நினைவில்லமாக இருக்கிறது. சின்ன வீடு, பத்து நிமிடம் போதும். ஆனாலும் இவ்வளவு சின்ன வீட்டிலிருந்து கவர்னர் ஜெனரலா என்று வருகிறவர்கள் வியப்பதைக் கேட்கலாம். தளியை 'குட்டி இங்கிலாந்து' என்று எழுதி எழுதி வைத்திருக்கிறார்கள். மேடு பள்ளமான நிலம், இதமான காற்று, ரோஜாத் தோட்டங்கள் எல்லாம் உண்மை. இங்கிலாந்தைத் தேடாமல் போனால் நன்றாகவே இருக்கும்.

எனக்குப் பிடித்தது மல்லச்சந்திரம். கிருஷ்ணகிரி, ஓசூர் சாலையில் சூளகிரிக்கு இந்தப் பக்கம் உள்ளே திரும்பி, வழி கேட்டுக் கேட்டுப் போக வேண்டும். பாறைக் குன்றின் மேல் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த கல்திட்டைகள், கூட்டம் கூட்டமாக. இரும்புக் கால மனிதர்களின் ஈமச் சின்னங்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடு என்று ஊரில் சொல்வார்கள். முன்பக்கக் கல்லில் வட்டமாகத் துளை இருக்கும். பிள்ளைகள் உள்ளே புகப் பார்ப்பார்கள், விடக்கூடாது. நிழல் இல்லாத இடம், ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். இதே மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே கிடைத்த இரும்பு 4,200 வருடம் பழையது என்று 2022-ல் அறிவித்தது உண்மை. ஆனால் அகழாய்வுக் குழியை மூடிய பிறகு சாதாரணப் பார்வையாளருக்கு அங்கே காண அதிகமில்லை.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுச் சாலையில் ஒகேனக்கல் போக ஒரு வழி இருக்கிறது. அழகான சாலை. ஐப்பசி முதல் மாசி வரை, ராகி கதிர் முற்றும் காலத்தில், பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்கும். பகலில் போங்கள். நாலு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டியைத் திருப்புகிற மைத்துனர் யாராவது இருந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்த்தமலை

அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். அருணகிரிநாதர் பாடிய தலம். மேலே பாறை உச்சியிலிருந்து ராமர் தீர்த்தம் கோடையிலும் விழுந்துகொண்டிருக்கும். படி அதிகம், குரங்கு அதைவிட அதிகம். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், கண்ணாடி போட்டவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம். தீர்த்தமலைக்கு முன்பே அங்கே குளித்துவிட்டு ஏறுவது வழக்கம்.

கடைசியாக, சாப்பாடும் கட்டிக் கொடுப்பதும்

விருந்தாளிக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், அது அவர்கள் ஊரிலேயே கிடைக்கும். ஒரு வேளையாவது ராகிக் களி. நாட்டுக்கோழிக் குழம்போடு, அல்லது கொள்ளுக் கடைசலோடு. களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்பதை முதல் கவளத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். மார்கழி, தையில் வந்தால் மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்பு. பருப்புப் பிதுக்குகிற வேலைக்கு வந்த விருந்தாளிகளையும் உட்கார வைக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கிளம்பும்போது பையில் வைக்க: காவேரிப்பட்டணம் நிப்பட்டு, பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் புளி, ராகி மாவு, அரூர் பக்கத்துச் சாமை. புளி வாங்குவது மாசி, பங்குனியில். புதுப் புளி வெளிறியிருக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கறுத்தது போன வருடத்துப் புளி.